வெயிலில் கிடந்த சூரை

சல்லி
23.06.1975

திரு. யோகராசா அவர்களுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதம் தொடங்குவார்கள். நான் உண்மையாகவே கேட்கிறேன். முகத்துச் சிவப்பு வற்றிவிட்டதா? கண்மடல் வீக்கம் போய்விட்டதா?

என் பெயர் இரத்தினேஸ்வரி. பதினாலாம் திகதி சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டு எழும்பிய கொஞ்ச நேரத்தில் முகம் செம்பரத்தம்பூவாகி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தீர்களே, அந்த வீட்டுப் பெண். உங்கட மாமா சோமசேகரம் எங்கள் படலையில் நின்று, "பொடியனுக்கு வசிய மருந்து வைச்சிட்டாங்கள்!" என்று சத்தம் போட்டார். கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். உங்கட அம்மா உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவ, பிறகு ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் திருக்கோணமலைப் பட்டணத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறா.

நான் கேட்கிறேன், மாதக்கணக்காகப் பேசி, நீங்களே சம்மதம் சொல்லி, சாப்பிடவும் வந்துவிட்ட மனிதருக்கு வசிய மருந்து எதற்கு? உங்கட மாமாதான் யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லையா?

பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் உயிரியல் படிப்பிக்கிறேன். இந்தத் தவணை புரதம் பற்றிய பாடம். போன வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், வசிய மருந்தில புரதம் இருக்குமா?" என்று கேட்டது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஆசிரியர் அறையில் போய் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு என்னென்ன சாப்பிட்டீர்கள், என்ன ருசி இருந்தது, முதலில் உடம்பில் என்ன செய்தது, பிறகு என்ன செய்தது, எல்லாம் மறைக்காமல் எழுதுங்கோ. பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பலாம். ஆனால் ஆண்பிள்ளையின் பெயரோடு கடிதம் வந்தால் அதிபர் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். உறையில் வேறு ஏதாவது பெயர் போடுங்கோ.

இப்படிக்கு,
கோ. இரத்தினேஸ்வரி


கொட்டாஞ்சேனை, கொழும்பு
29.06.1975

மதிப்புக்குரிய இரத்தினேஸ்வரி ரீச்சருக்கு,

உங்கட கடிதத்தை நான் வேலை செய்கிற துறைமுகக் கந்தோரில் வைத்துப் பிரித்தனான். நாலு வரி வாசித்ததும் எழும்பி வெளியில் போய், படிக்கட்டில் இருந்துதான் மிச்சத்தை வாசித்தேன். உங்களை அழ வைத்த கூட்டத்தில் நானும் ஒருத்தன் என்பது இரண்டு நாளாக நெஞ்சில் கிடக்கிறது. சிவப்பு அன்று பொழுதுபடவே வற்றிவிட்டது. மற்ற நாள் காலை, ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பினேன்.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். சோறு. பருப்பு. கத்தரிக்காய்ப் பால்கறி. முருங்கையிலை வறை. பொரித்த சூரை. சூரைப் பொரியலில் மிளகு நல்ல தூக்கலாக இருந்தது, நாக்கு நுனி சுருசுரு என்றது. எனக்கு மிளகுப் பொரியல் என்றால் உயிர். யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டு மூன்றாவது துண்டும் கேட்டு வாங்கினேன். உங்கட அம்மா சிரித்தது நினைவிருக்கிறது.

பிறகு காது இரண்டும் சுட்டது. முகம் சுட்டது. நெஞ்சு பறை அடித்தது. கழுத்தெல்லாம் தடித்துத் தடித்து அரித்தது. தலையிடி. அவ்வளவுதான். உங்கள் மேல் ஆசை கூடியதா என்று கூட்டாளிமார் பகிடியாகக் கேட்கிறார்கள். சத்தியமாக அந்த நேரம் ஆசை வந்தது ஒரு வாளி தண்ணீர் மேல்தான்.

டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, மீன் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, இனி ஆயுளுக்கும் தொடக்கூடாது என்றார். திருக்கோணமலையில் பிறந்தவனுக்கு இது என்ன தண்டனை என்று உங்களுக்குத்தான் விளங்கும். இங்கே சாப்பாட்டுக்கடையில் பக்கத்தில் இருப்பவன் மீன் குழம்பில் சோற்றைக் குழைக்கிறான். நான் பருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமாவின் வாயை நான் ஏன் அடக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்ட மாதிரித்தான் இருக்கிறது. என் வாய் வீங்கியிருந்தது என்று எழுதலாம். அது பாதி உண்மை. அப்பா போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் கதைக்கிறவர் மாமா, தலையாட்டுகிறவன் நான். அந்த மருந்துக் கதையை நான் ஒரு நாளும் நம்பவில்லை. நம்பவில்லை என்று வாய் திறந்து சொல்லவுமில்லை.

உறையில் "செல்வி யோகராணி" என்று போட்டிருக்கிறேன். பிழையாக நினைக்க வேண்டாம்.

யோகராசா


சல்லி
04.07.1975

திரு. யோகராசா அவர்களுக்கு,

அதிபர் கடிதத்தைக் கொண்டுவந்து தந்து, "கொழும்பிலும் உங்களுக்குச் சிநேகிதி இருக்கிறாவோ, நல்லது" என்றார். பக்கத்தில் இருந்த ஸுல்பிகா ரீச்சர் உடனே தலையைக் குனிந்து கொப்பி திருத்தத் தொடங்கிவிட்டா. கிண்ணியாவிலிருந்து வருகிறவ. அவவுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

உங்கட கடிதத்தில் ஒரு இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மிளகு.

அந்தப் பொரியலில் மிளகு இல்லை. அம்மாவிடம் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், அவ்வளவுதான். கடையில் மிளகு விற்கிற விலைக்கு எங்கள் வீட்டில் பங்குனிக்குப் பிறகு மிளகு கண்ணாலேயே காணவில்லை. அப்படியென்றால் உங்கட நாக்கைச் சுரண்டியது எது?

அந்த மீனின் கதையைச் சொல்கிறேன். அப்பா விடியக் கரைக்கு வந்தபோதே மாப்பிள்ளைக்கென்று அந்தச் சூரையை ஒதுக்கி வைத்துவிட்டார். மீன் வாங்க வந்த முதலாளி ஐஸ் கட்டி ஒன்று தரவா என்று கேட்டிருக்கிறார். அப்பா விடவில்லை. அவருக்கு ஐஸ் போட்ட மீன் என்றால் கொழும்பு ஆக்களுக்கு விற்கிற மீன். வீட்டு மீனுக்கு ஐஸ் போடுவது அவருக்கு மரியாதைக் குறைவு. நீங்கள் காலையில் வருவதாகத்தானே சொன்னது? சுடச்சுடப் பொரித்துப் போட வேண்டும், காரைக் கண்ட பிறகுதான் சட்டியை வைப்பேன் என்று அம்மா பிடிவாதம். நீங்கள் வந்தபோது பின்னேரம் மூன்று மணி தாண்டிவிட்டது. அதுவரைக்கும் மீன் வள்ளத்தடியில் கூடைக்குள் கிடந்தது. பழுதாகவில்லை. வெட்டுவதற்கு முன் நானே செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. மணமும் கடல் மணம்தான்.

என் புத்தகங்களில் இதற்கு மறுமொழி இல்லை. கொழும்பில் மீன் ஆராய்ச்சி செய்கிற கந்தோர் ஒன்று இருக்கிறதாம். போய்க் கேட்பீர்களா? வெட்கப்பட்டுத் திரும்பி வரக்கூடாது.

நீங்கள் ஏன் அவ்வளவு பிந்தினீர்கள் என்பதையும் எழுதுங்கோ.

இரத்தினேஸ்வரி


கொட்டாஞ்சேனை
15.07.1975

அன்புள்ள ரீச்சருக்கு,

முதலில் பிந்திய கதை. காலையில் வெளிக்கிட்டு நின்றோம். மாமா பஞ்சாங்கத்தைப் பார்த்து, "ராகு காலம், பத்தரை மட்டும் ஒருத்தரும் படலை தாண்டேலாது" என்றார். பத்தரைக்குப் பிறகு கார் வந்தது. உப்புவெளி மட்டும் போனோம், பூனை குறுக்கே போய்விட்டது. சொந்தக்காரர் வீட்டில் இறங்கித் தண்ணி குடித்துவிட்டுப் போவோம் என்று அங்கே இருத்தினார். எழும்பப் பார்த்தால் எமகண்டம். அது மூன்று மணிக்குத்தான் முடிந்தது. நான் பசியில் அந்த வீட்டுப் பலாப்பழத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இனி, நீங்கள் சொன்ன கந்தோருக்குப் போன கதை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு என்னைப் பந்து மாதிரித் தட்டினார்கள். வெட்கம் வந்தது, திரும்பி வரவில்லை. கடைசியில் ஒரு பறங்கி அம்மாவிடம் அனுப்பினார்கள். வெள்ளை மேலங்கி போட்டு, மேசையில் மீன் தலைகளை வரிசையாக வைத்துக்கொண்டு இருந்தா. நான் மிளகு என்று சொன்னதுதான் தாமதம், கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டா.

"சூரையா?" என்றா. ஓம் என்றேன். "வெயிலிலே கிடந்ததா?" ஓம் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டா.

அவ சொன்னதை எழுதுகிறேன், பிழை இருந்தால் நீங்கள்தான் திருத்த வேண்டும். சூரை மாதிரிக் கருஞ்சதை உள்ள மீனில் ஹிஸ்ற்றிடீன் என்று ஒரு பொருள் நிறைய இருக்கிறதாம். புரதம் கட்டுகிற கல்லுகளில் அது ஒன்றாம். மீன் சூட்டில் கிடந்தால் அதில் இருக்கிற பற்றீரியா தன் நொதியத்தால் அந்தக் கல்லில் ஒரு மூலையை உடைத்துவிடுமாம். மிஞ்சுவது ஹிஸ்ற்றமின். அது நாக்கில் மிளகு மாதிரி இருக்கும், முகத்தைச் சிவக்க வைக்கும், நெஞ்சை அடிக்க வைக்கும். மணத்தில் தெரியாது, செவுளில் தெரியாது. பொரித்தால் பற்றீரியா சாகும், ஹிஸ்ற்றமின் சாகாதாம்.

நான் துள்ளிக் குதிக்காத குறை. அப்போது அவ ஒரு கேள்வி கேட்டா. "அதே மீனைச் சாப்பிட்ட மற்ற ஆளுக்கும் இது வந்ததா?"

அம்மாவும் மாமாவும் அன்று விரதம், மரக்கறி. நீங்களும் உங்கட அம்மாவும் சாப்பிடவே இல்லை. உங்கட அப்பா மட்டும் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் வரவில்லையே. அதைச் சொன்னேன். பறங்கி அம்மா கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டா. "அப்படியென்றால் மீனில் இல்லை. உங்கட உடம்பில்தான்" என்றா.

ஆக, டிஸ்பென்சரி ஐயா சொன்னதுதான் சரி. மருந்துமில்லை, மீனிலும் பிழையில்லை, நான்தான் பிழை. வீட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மட்டக்களப்பில் ஒரு சம்பந்தம் பார்க்கிறார்களாம், மரக்கறிக் குடும்பம். மாமா எல்லாம் யோசித்துத்தான் செய்கிறார். நான் என்ன சொல்ல என்று தெரியவில்லை.

யோகராசா


சல்லி
21.07.1975

திரு. யோகராசா அவர்களுக்கு,

இருந்துகொண்டு வாசியுங்கோ.

உங்கட கடிதம் கிடைத்த அன்று பின்னேரம் அப்பா வள்ளத்தில் சாய்ந்துகொண்டு வலையின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, அண்டைக்கு நீங்களும் சூரை சாப்பிட்டீங்கள்தானே?"

"வால் துண்டு."

"உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையா?"

"இல்லை."

"கார் போகேக்க உங்களைக் காணேல்லையே. எங்க போனீங்கள்?"

"கடலுக்கை நிண்டனான்."

"ஏன்?"

"குளிச்சனான்."

"புது வேட்டியோடயா?"

அப்பா வலையைக் கீழே வைத்தார். சுற்றிவரப் பார்த்தார். "கொம்மாட்டச் சொல்லாதை பிள்ளை" என்றார்.

உங்களுக்கு வந்தது எல்லாம் அவருக்கும் வந்திருக்கிறது. காது சூடு, முகச் சூடு, நெஞ்சடி, தடிப்பு. கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருக்கிறார். தவறணையிலிருந்து வந்தவன் முகம் மாதிரிச் சிவந்திருந்ததாம். அப்பா தை மாதம் முத்துமாரியம்மன் கோயிலில் கற்பூரத்தில் அடித்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ணினவர். "அம்மனாணை ஒரு துளி தொடேல்லை பிள்ளை. ஆனா அந்த முகத்தோட கொம்மாவுக்கு முன்னால போய் நிண்டா ஆர் நம்புறது? அம்மனே நம்பமாட்டா." அதனால் உங்களைச் சுற்றி ஊர் கூடி நின்ற நேரம் அவர் பின்பக்கத்தால் போய்க் கழுத்தளவு கடலில் நின்றிருக்கிறார். முகம் வற்றின பிறகுதான் கரைக்கு வந்தாராம்.

நான் சிரித்த சிரிப்பில் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

விளங்குகிறதா உங்களுக்கு? உங்கட உடம்பில் ஒரு பிழையும் இல்லை. புரதத்தை நான் வகுப்பில் மணிமாலை என்றுதான் சொல்வேன். இருபது விதமான மணிகள். அதில் ஒரு மணி ஹிஸ்ற்றிடீன். சூரையில் அது மாலையில் கோத்தும் இருக்கும், கோக்காமல் உதிரியாகவும் நிறையக் கிடக்கும். உதிரி மணியின் ஓரத்தைப் பற்றீரியா கடித்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹிஸ்ற்றமின் எங்கட உடம்பே வைத்திருக்கிற பொருள்தான். ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் உடம்பு அதைத்தான் அவிழ்த்து விடும். அதனால்தான் டிஸ்பென்சரி ஐயா ஏமாந்தார். உங்களுக்கு வெளியிலிருந்து வந்தது, அவர் உள்ளிருந்து வந்தது என்று நினைத்துவிட்டார். அதைக் கழிக்கிற நொதியமும் எங்களிடம் இருக்கிறது. பொழுதுபட நீங்கள் சுகமானது அப்படித்தான்.

அந்தப் பறங்கி அம்மாவிடம் போய், இரண்டாவது ஆள் கடலுக்குள் நின்றவர் என்று சொல்லுங்கோ. பிறகு போய் நல்ல மீனாகப் பார்த்துச் சாப்பிடுங்கோ.

மட்டக்களப்புக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கோ. மரக்கறிக் குடும்பம் உங்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும்.

இரத்தினேஸ்வரி


கொட்டாஞ்சேனை
29.07.1975

அன்புள்ள ரீச்சர்,

சாப்பிட்டேன்! பறங்கி அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "பயப்படாமல் போய்ச் சாப்பிடு, முதலில் கொஞ்சமாக" என்றா. முதல் நாள் விளைமீனில் நகத்தளவு. கதிரையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பாரைக் குழம்பு, பாதித் துண்டு. ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் விடியற்காலம் துறைமுகத்தில் வந்திறங்கிய சூரையைக் கண்ணால் கண்டு, கையோடு சமைப்பித்து, கடைக்காரர் போதும் என்று சொல்லும் வரை சாப்பிட்டேன். மிளகு ருசி மருந்துக்கும் இல்லை. (இந்தச் சொல்லை எழுதியதற்கு மன்னிக்கவும்.)

மட்டக்களப்பு வேண்டாம் என்று அன்றே வீட்டுக்கு எழுதினேன். என் ஆயுளில் மாமாவுக்கு நான் எழுதிய முதல் "வேண்டாம்". மருந்து ஒன்றுமில்லை, மீனில்தான் காரணம், அம்மா போய்ச் சனத்துக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன்.

இனி எல்லாம் சரியாகிவிடும்.

யோகராசா


சல்லி
06.08.1975

திரு. யோகராசா அவர்களுக்கு,

ஒன்றும் சரியாகவில்லை.

உங்கட அம்மா உங்கட கடிதத்தைப் பக்கத்து வீடுகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறா. நல்ல மனதோடுதான். ஆனால் கதை சந்தைக்குப் போய், பஸ் ஏறிச் சல்லிக்கு வந்தபோது அப்பாவின் பெயரோடு இப்படி வந்தது: "கோணாமலை வந்த சம்பந்தகாரருக்குப் பழுதான மீன் போட்டவராம்."

அப்பாவின் காதிலும் அது விழுந்தது. "பிள்ளைக்கு மருந்து வைச்சவை எண்டு சொன்னாங்கள், பொறுத்தனான். கோணாமலையின்ர மீன் பழுது எண்டு சொல்லுறதோ?" என்றார். மூன்று தலைமுறையாக இந்தக் கரையில் மீன் பிடிக்கிற குடும்பம். அதற்குப் பிறகு அவர் வள்ளம் தள்ளவில்லை. நல்ல கடல், எல்லாரும் வலை நிறையக் கொண்டுவருகிறார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அம்மா என்னைக் கேட்கிறா: "உன்ர படிப்பை வைச்சு எங்கட மீனைத்தான் பழுது எண்டு கண்டுபிடிச்சியோ?"

மருந்து வைத்தவள் என்ற பெயர் எனக்கு. பழுது மீன் என்ற பெயர் அப்பாவுக்கு. இந்த வீட்டில் என் மானத்தைவிட மீனின் மானம் பெரிது என்று இப்போதுதான் தெரிகிறது. அதில் எனக்குக் கோபமும் வரவில்லை. அவரைப் பார்க்கத்தான் ஏலாமல் இருக்கிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் இதை யோசிக்கவில்லை. ஆனால் உங்கட வீட்டுக் கடிதத்தால் வந்தது. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

இரத்தினேஸ்வரி


கொட்டாஞ்சேனை
12.08.1975

அன்புள்ள ரீச்சர்,

லீவு கேட்டேன், தரவில்லை. மாவுக் கப்பல் வந்திருக்கிறது, ஒருத்தரும் அசையேலாது.

அதனால் மாமாவுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு பொய்யும் எழுதவில்லை. கோணாமலை ஐயாவின் மீன் பழுதே இல்லை, ஆராய்ச்சி செய்கிற அம்மா நேரில் பார்த்திருந்தாலும் வாங்கியிருப்பா என்று அவ சொன்னதை எழுதினேன். மீனில் குற்றமில்லை, போன நேரம்தான் குற்றம் என்று எழுதினேன். அன்றைக்கு நேரத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான் மாமா, ஆகவே இதைச் சல்லியில் போய்ச் சொல்லத் தகுதியான ஆளும் நீங்கள்தான் என்று முடித்தேன்.

என்ன நடக்கும் என்று தெரியாது. சாப்பாடு இறங்கவில்லை, மீன் இருந்தும்.

யோகராசா


சல்லி
18.08.1975

திரு. யோகராசா அவர்களுக்கு,

வந்தார்கள். நேற்று. காரில் இல்லை, பஸ்ஸில் வந்து மணலில் நடந்து. மாமா குடையும் கையுமாக முன்னால், உங்கட அம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால். கரையில் இருந்த சனம் எல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்றது. அப்பா வள்ளத்தில் சாய்ந்திருந்தவர் எழும்பவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். "கோணாமலையண்ணை, நான் அண்டைக்கே நேரம் சரியில்லை எண்டு சொன்னனான்."

"மீன் சரியில்லை எண்டெல்லோ சொல்லித் திரியிறீங்களாம்?"

"ஆர் சொன்னது?" மாமா உங்கட கடிதத்தை எடுத்து அந்த இடத்தை உரத்து வாசித்தார். "கேட்டீங்களோ? மீனில ஒரு பிழையும் இல்லை. நேரம்தான் பிழை. கொழும்பில ஆராய்ச்சி செய்யிற ஆக்களே ஒத்துக்கொண்டிட்டினம்."

அப்பா மெல்ல எழும்பி இருந்தார். "விடியப் பிடிச்ச மீன். நீங்கள் பின்னேரம் வந்தீங்கள். நேரம்தான் பிழை."

"அதைத்தானே நானும் சொல்லுறன்!"

"நானும் அதைத்தான் சொல்லுறன்!"

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருவர் சொன்னது கிரகத்தை, மற்றவர் சொன்னது வெயிலை. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தேன். திருத்தவில்லை. பிழையைக் கண்டும் திருத்தாமல் விட்டது ஆசிரியை ஆன பிறகு இதுதான் முதல் தடவை.

உங்கட அம்மா அதில் நிற்கவில்லை. நேரே குசினிப் பக்கம் போனா. என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தேங்காய் திருவினா. "தங்கச்சி, வாய் காயுது, தண்ணி தாறியளோ?" என்றா உங்கட அம்மா. மருந்து வைக்கிற வீடு என்று சொன்ன அதே வாயால்! அம்மா எழும்பவில்லை. நான் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுச் செம்பையும் குடித்தா. "சோறு இருக்கோ?" என்றா பிறகு. அம்மாவின் கை நின்றது. "மீன் இல்லை. அவர் கடலுக்குப் போகேல்லை. முட்டைதான் பொரிக்கலாம்." "நீங்கள் போடுறதைச் சாப்பிடுறன்."

சாப்பிட்டா. இரண்டாம் முறையும் சோறு கேட்டா. கை கழுவிவிட்டு முற்றத்தில் வந்து நின்று, வேலிக்கு அங்கால் நிற்கிற சனத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா: "நான் சொன்ன கதை பிழை. இந்தப் பிள்ளையில ஒரு குறையும் இல்லை. பட்டணத்தில றோட்டு றோட்டாச் சொன்னனான், றோட்டு றோட்டாத் திருப்பிச் சொல்லுவன்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டா. அம்மா தேங்காய்த் துருவலும் கையுமாக ஓடிப்போய் அவவைப் பிடித்துக்கொண்டா. உங்கட அம்மாவின் சேலை முழுக்கத் தேங்காய்ப்பூ.

இன்று விடிய அப்பா வள்ளம் தள்ளினார்.

உங்கட கடிதத்தில் பொய் ஒன்றுமில்லை என்று கவனித்தேன். ஆனால் உண்மையை இப்படி வளைத்து எழுதத் தெரிந்த ஆளைக் கொஞ்சம் கவனமாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் கவனித்தேன்.

மனம் நிறைந்த நன்றி.

இரத்தினேஸ்வரி


கொட்டாஞ்சேனை
25.08.1975

அன்புள்ள இரத்தினேஸ்வரி,

ரீச்சர் என்று எழுதி வெட்டிவிட்டு இப்படி எழுதுகிறேன்.

மாமா நாள் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். உங்கட அப்பாவும் அவரும் இப்போது ஒன்றாகச் சந்தைக்குப் போகிறார்களாம். அம்மா கூறைச் சேலையின் நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறா. எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று இடித்தது. இவர்களில் ஒருத்தரும் உங்களைக் கேட்கவில்லை.

முதல் தடவையும் அப்படித்தான் நடந்தது. மாமா கேட்டார், உங்கட அப்பா சம்மதித்தார், நான் தலையாட்டினேன். நீங்கள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். உங்கட மனம் என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதங்கள் வராவிட்டால் கலியாணம் முடித்தும் தெரிந்திருக்க மாட்டேன்.

நீங்கள் முதலில் எழுதியது உங்கட பெயரைக் காப்பாற்ற. அது நடந்துவிட்டது. இனி என்னை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அப்படியென்றால் வீட்டில் நானே சொல்கிறேன், பழி உங்கள் மேல் வராது. இப்போது எனக்கு "வேண்டாம்" எழுதப் பழகிவிட்டது.

ஆனால் எனக்கு நீங்கள் வேண்டும். என்னைக் கலியாணம் செய்ய உங்களுக்கு விருப்பமா?

மாமாவிடமோ அப்பாவிடமோ கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

யோகராசா


சல்லி
31.08.1975

அன்புள்ள யோகராசா,

உங்கட கடிதம் வந்தபோது நான் வகுப்பில் முட்டையின் வெண்கருவை வெந்நீரில் ஊற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். புரதம் வெந்தால் எப்படி வெளுத்துக் கட்டியாகிறது என்று பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உறையைக் கண்டுவிட்டு, வெந்நீரை மேசையில் ஊற்றிவிட்டேன். "ரீச்சருக்கு என்ன?" என்று கேட்டார்கள். ஸுல்பிகா ரீச்சர் என்னை வெளியில் அனுப்பிவிட்டு மிச்சப் பாடத்தை எடுத்தா. அவ படிப்பிக்கிறது பூமிசாத்திரம்.

வேலியோரம் நின்று வாசித்தேன். உங்கட கேள்வியை நாலு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. உடனே மறுமொழி சொல்ல மனம் வரவில்லை. கொஞ்ச நாள் வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

சில விஷயம் சொல்ல வேண்டும். நான் கொழும்புக்கு வர ஏலாது. என் பிள்ளைகள் டிசம்பரில் சோதனை எழுதுகிறார்கள். அதற்குப் பிறகும் படிப்பிப்பதை விடமாட்டேன். நீங்கள்தான் இங்கே மாற்றம் கேட்க வேண்டும். அது கிடைக்க எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும் கடிதம் எழுதுங்கோ. இனி உங்கட சொந்தப் பெயரையே உறையில் போடுங்கோ, அதிபர் பார்த்தால் பார்க்கட்டும். எனக்குக் கோபம் கெதியில் வரும், அது உங்களுக்குத் தெரியும். கெதியில் போகாது, அது தெரியாது. உங்கட மாமா ஏதாவது பிழையாகச் சொன்னால் நான் எப்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்க மாட்டேன். நீங்கள் தலையாட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

இதெல்லாம் சரி என்றால், என் மறுமொழி ஓம்.

உங்கள்,
இரத்தினேஸ்வரி